யாருடைய சராசரி

போன மே மாதம் முழுக்க எனக்கு ஒரே ஒரு கவலைதான். என் மகள் எந்தப் பத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடுவது? பத்துக்கு மேல் அவளால் முடியாது. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கட்டுரை கேட்கும். வேலைக்கும் போய்க்கொண்டு அதற்கு மேல் எழுதினால் மனிதருக்கு விசர் பிடிக்கும். பத்தையும் பிழையாகத் தெரிந்தெடுத்தால் அத்தோடு கதை முடிந்தது. ஏனென்றால் அது அவளுக்கு இரண்டாவது தடவை. "இந்த முறையும் இல்லையெண்டால் நான் விடுறன் அம்மா. பிறகு நீங்கள் ஒண்டும் கதைக்கக் கூடாது" என்று குசினி வாசலில் நின்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று என் கணவர் கேட்பார். கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். இதை எழுதுகிற இன்றுவரைக்கும் பதில்கள் வந்து முடியவில்லை; மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டால் இப்போதும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறேன்.

அவள் படிக்க ஆசைப்பட்டது அமெரிக்காவில், ஒஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில். இதை ஒஸ்லோத் தமிழாக்களுக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இங்கே நோர்வேயில் ஒஸ்டியோபாத் என்றால் முதுகுப் பிடிப்பு, கழுத்து உளைவு என்று போக, கையால் பார்த்துச் சரிசெய்து விடுகிறவர். டொக்டர் இல்லை. அமெரிக்காவிலோ அந்தக் கல்லூரியில் படித்து வெளியே வருகிறவர் முழு டொக்டர். மருந்து எழுதலாம், சத்திரசிகிச்சை செய்யலாம், அதற்கு மேலாக உடம்பைக் கையால் தொட்டு அறிகிற படிப்பும் சேர்த்து. மகள் முதல் பட்டத்தை அங்கேதான், என் தங்கை வீட்டில் நின்று படித்தாள். அந்த நாட்களில் ஒரு கோடை முழுக்க ஒரு ஒஸ்டியோபதி டொக்டரின் பின்னால் திரிந்து வேலை பார்த்தாள். அந்த மனுசி நோயாளியின் முதுகில் கையை வைத்துவிட்டுத்தான் கதைக்கவே தொடங்குவாவாம். அதோடு இவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. கோயிலில் ஒருவர் என்னிடம், "ஓ, மசாஜ் படிக்கப் போறாவோ?" என்று கேட்டார். கையிலிருந்த சர்க்கரைப் பொங்கலை அவர் தலையில் கவிழ்க்காமல் வந்தேன் என்பதற்கு முருகன்தான் சாட்சி.

முதல் வருடம் போட்ட இடங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சில கல்லூரிகள் 'அவ்ஸ்லாக்' அனுப்பின. மறுப்புக்கு நோர்வேக்காரர் சொல்லும் சொல் அது. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் சோறு, கறி என்கிற சொற்களைவிட அதுதான் கூடப் புழங்கியது. சில கல்லூரிகள் அதைக்கூட அனுப்பவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அவற்றில் சில வெளிநாட்டுப் பாஸ்போட் வைத்திருக்கிற பிள்ளைகளை எடுப்பதே இல்லை என்று. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சிலர் போடாமலும் விட்டிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கணினியை மூடிய மூடலில் கணவர் வரவேற்பறையிலிருந்து ஓடி வந்தார்.

"இந்த முறை கணக்கை நான் பாக்கிறன்" என்று மகளிடம் சொன்னேன். அதற்கு எனக்குத் தகுதி இருக்கிறது என்றுதான் நினைத்தேன். நான் வேலை செய்வது ஒரு ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில். திரையில் ஒரு எண் வந்தால், இது யாருடைய இரத்தம், எத்தனை மணிக்கு எடுத்தது, எந்தக் குழாயில் எடுத்தது என்று பார்க்காமல் அதை வெளியே விட மாட்டேன். லேபிள் இல்லாத குழாய் வந்தால் குப்பைக்குத்தான். வார்டிலிருந்து தாதிமார் போன் எடுத்துச் சண்டை பிடிப்பார்கள். பிடிக்கட்டும். பேர் இல்லாத இரத்தத்துக்கு நான் எண் கொடுக்க மாட்டேன்.

அந்தக் கறாரோடுதான் உட்கார்ந்தேன். கல்லூரிகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் அட்டவணை போட்டேன். கல்லூரி, பட்டப்படிப்பின் சராசரிப் புள்ளி, நுழைவுச் சோதனைப் புள்ளி, வெளிநாட்டுப் பிள்ளைகளை எடுப்பார்களா இல்லையா. இரண்டாம் நாளே தலை சுற்றத் தொடங்கியது. ஒரு கல்லூரி 'சராசரி' என்று ஒரு எண்ணைப் போட்டிருக்கும்; எந்த வருடம் என்று இருக்காது. இன்னொன்று 'ஆகக் குறைந்தது இவ்வளவு' என்று போட்டிருக்கும். ஆனால் அந்தக் குறைந்த புள்ளியோடு யாராவது உண்மையில் உள்ளே போனார்களா என்பதைக் கடவுளிடம்தான் கேட்க வேண்டும். ஆலோசனை தருகிறோம் என்று வலைத்தளம் நடத்துகிறவர்கள் எல்லாக் கல்லூரிகளையும் ஒரே பட்டியலில் அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதே கல்லூரிக்கு அடுத்த தளத்தில் வேறு எண். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள், அதையும் பழசைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் பேரில்லாமல் எழுதுகிற அரட்டைப் பக்கங்களுக்குப் போனால், அங்கே எல்லாரும் கெட்டிக்காரர், எல்லாருக்கும் ஏழெட்டு இடங்களில் இருந்து அழைப்பு. வாசிக்க வாசிக்க என் பிள்ளை ஒன்றுக்கும் உதவாதவள் என்ற எண்ணம் எனக்கே வந்துவிடும். பிறகு அந்த எண்ணத்துக்காக என்னையே திட்டிக்கொள்வேன்.

ஒரு கல்லூரிக்கு நேரடியாகவே எழுதிக் கேட்டேன். அடுத்த நாளே பதில் வந்தது. ஒவ்வொரு விண்ணப்பதாரியையும் வெறும் எண்களாகப் பார்க்காமல் முழு மனிதராகப் பார்க்கிறோம் என்று மிக மரியாதையான நான்கு வரி. நான் திரையைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன்: "முழு மனிசரைப் பாக்கிறதெண்டால் ஆறுதலாப் பார்! அதுக்கு முதல் இந்தப் பாஸ்போட்டை எடுப்பியோ மாட்டியோ, அதைச் சொல்லித் துலையன்!"

"அம்மா, ஸ்லாப் ஆவ்" என்றாள் மகள் அறைக்குள்ளிருந்து. அமைதியாக இருக்கட்டுமாம். பரீட்சை எழுதியது அவள், மறுப்பு வாங்கியது அவள், அமைதி இல்லாமல் கிடந்தது நான்.

எங்கள் ரொம்சோஸ் அடுக்குமாடித் தொகுதியில் எனக்கு இரண்டு மாடி மேலே தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை. நாள் முழுக்க எண்களோடுதான் பிழைப்பு. நான் "ஓம்" என்று சொன்னால் அவளுக்கு இன்னும் மெல்லிய சிரிப்பு வரும். அவள் எதற்கெடுத்தாலும் "சூப்பர்க்கா" என்றால் எனக்கு உள்ளே எரியும். மற்றப்படி தங்கமான பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் கொப்பியை அவளிடம் கொண்டு போனேன். அவள் ஒரு விரலை வரிசை வரிசையாக நகர்த்திக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"அக்கா, இது யாரோட ஆவரேஜ்?"

"கல்லூரியின்ரை."

"அது சரிக்கா. சீட் குடுத்தவங்களோடதா, இல்ல வந்து சேந்தவங்களோடதா?"

"ரெண்டும் ஒண்டுதானே?"

"ஒண்ணு இல்லக்கா. நல்லா மார்க் வாங்கின பொண்ணுக்கு நாலு காலேஜ் சீட் குடுக்கும். அவ ஒரு எடத்துலதானே சேருவா? மிச்ச மூணு காலேஜும் அவ மார்க்கையும் சேத்து ஆவரேஜ் போட்டுக் காட்டினா, நம்பர் பெருசாத்தானே தெரியும். நீங்க ரெண்டையும் ஒரே கட்டத்துல எழுதி வச்சிருக்கீங்க."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. உண்மைதான். யாருடைய இரத்தம் என்று பார்க்காமல் எண்ணை எழுதி வைத்திருந்தேன். வேலையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் அவரை ஒரு வழி பண்ணியிருப்பேன். அவள் விரல் இன்னும் கீழே போனது. கொப்பியின் பின்பக்கத்தில் பச்சை மையில் எழுதிய வரிகள் இருந்தன.

"இதெல்லாம் எங்கேருந்துக்கா?"

"அது எங்கட ஆக்களிட்டைக் கேட்டு எழுதினது. லண்டன், கனடா, இஞ்சை. ஆரின்ரை பிள்ளை எந்த மார்க்கோடை எங்கை போனது எண்டு."

அவள் எல்லா வரிகளையும் வாசித்தாள். "கிடைக்காதவங்க ஒருத்தர் கூட இல்லையே இதுல?"

நான் கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எங்கள் சனத்தில் கிடைக்காத பிள்ளை என்று ஒன்று கிடையாது. விண்ணப்பம் போடும்போது வாயைத் திறக்க மாட்டோம், கண்ணூறு பட்டுவிடும். கிடைத்தால் அடுத்த பிறந்தநாள் மண்டபத்திலேயே நோர்வே முழுக்கத் தெரியும். கிடைக்காவிட்டால் பிள்ளை 'இப்ப வேறை மாதிரி யோசிக்கிறா', அல்லது 'ஒரு வருசம் ஓய்வெடுக்கிறா'. இப்படிப்பட்ட சனத்திடம் கேட்டு நான் புள்ளிவிபரம் எடுத்திருக்கிறேன். நாங்களும் மகளுக்கு ஒரு வருட ஓய்வு என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தோம். அவளும் அதற்குச் சம்மதித்திருந்தாள்.

அந்தப் பச்சை வரிகளில் ஒன்றுதான் எனக்கு உயிர். ஒஸ்லோவின் மறுகோடியில், ஹொல்ம்லியாவில் இருக்கிற அக்கா ஒருவரின் மகள். எங்கள் பிள்ளைகள் சின்னதாக இருந்த காலத்தில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் முடியும்வரை நானும் அந்த அக்காவும் ஒன்றாகக் குந்தியிருந்து ஊர்க்கதை கதைத்தவர்கள். அவருடைய மகளும் அமெரிக்காவில் பட்டம் படித்தவள், அந்த மே மாதத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில் ஒரு ஒஸ்டியோபதி கல்லூரிக்குப் போயிருந்தாள். என் அட்டவணை முழுவதிலும் நோர்வே பாஸ்போட்டோடு உள்ளே போன ஒரே பிள்ளை அவள்தான். அதிலும் அவளுடைய மார்க் என் மகளுடையதைவிடக் கொஞ்சம் குறைவு என்று கேள்வி. அதனால் அந்தக் கல்லூரியைப் பட்டியலின் உச்சியில் போட்டு, கீழே 'இது உறுதி' என்று கோடும் கீறியிருந்தேன். அதற்கு இடம் விடுவதற்காக, எண்களை வருட வாரியாக ஒழுங்காக வெளியிட்டிருந்த ஒரு கல்லூரியை வெட்டியும் இருந்தேன்.

"இத மட்டும் கன்ஃபர்ம் பண்ணிக்கோங்கக்கா" என்றாள் மேல்மாடிப் பிள்ளை. "உங்க லிஸ்ட்டே இந்த ஒரு லைன்லதான் நிக்குது."

அக்காவுக்குப் போன் எடுத்தேன். "ஓமோம், அவ நல்லா இருக்கிறா, நல்லாப் போகுது. இஞ்சை அடுப்பிலை வைச்சிட்டு நிக்கிறன், பிறகு எடுக்கிறன்." எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து நான் எடுத்தேன். அப்போதும் அடுப்பு. மூன்றாம் முறையும் அடுப்பு. அந்த வீட்டில் இரண்டே இரண்டு பேர். அவ்வளவு சமையலை யார் சாப்பிடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கண்ணூறுக்குப் பயந்து மறைக்கிறா என்று நினைத்தேன். என் பிள்ளை தன் பிள்ளையின் கல்லூரிக்கே வந்துவிடுவாளோ என்ற பொறாமை என்றும் நினைத்தேன். இரண்டாவது எண்ணம் வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

விண்ணப்ப வாசல் திறந்த உடனேயே போட்டுவிட வேண்டும். இந்தக் கல்லூரிகள் வருகிற வரிசையில் பார்த்து இடத்தை நிரப்பிக்கொண்டு போகும். பிந்தினால் மார்க் இருந்தும் பிரயோசனம் இல்லை. மகள் ஒவ்வொரு நாளும் கேட்டாள், "லிஸ்ட் முடிஞ்சுதோ?" நான் ஒவ்வொரு நாளும் "நாளைக்கு" என்றேன். அவள் இரவு உடுப்போடு மேசையில் இருந்து கட்டுரை எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, என் பிழையால் இந்தப் பிள்ளையின் கை கடைசிவரை ஒரு நோயாளியின் முதுகைத் தொடாமலே போய்விடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு இது மிகையாகத் தெரியும். எனக்கு அப்படித்தான் அடித்தது.

மே பதினேழாம் தேதி, நோர்வேயின் தேசிய நாள் கொண்டாட்டம் முடிந்து வந்த சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் ஹொல்ம்லியாவுக்குப் புறப்பட்டேன். காலையில் எழும்பி ஆட்டிறைச்சி ரோல்ஸ் செய்து ஒரு டப்பாவில் அடுக்கிக்கொண்டேன். வெறுங்கையோடு போய் விசாரணை நடத்த முடியாது. சுரங்க ரயிலில் நகரத்துக்கு வந்து, அங்கிருந்து உள்ளூர் ரயில். ஜன்னலுக்கு வெளியே கடல் பளபளத்தது. நான் கொப்பியைத் திறந்து, அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் பட்டியலில் என்ன மிஞ்சும் என்று எண்ணிக்கொண்டு போனேன். மிஞ்சியது எனக்குப் பிடிக்கவில்லை.

கதவைத் திறந்த அக்காவின் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு, "வாரும், வாரும், இதென்ன அதிசயம்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். குசினியில் இருந்தோம். அடுப்பில் ஒன்றும் இல்லை. தேத்தண்ணி வந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. எனக்கு அது வராது.

"அக்கா, எனக்கு ஒரு உதவி. உங்கட மகள் நோர்வே பாஸ்போட்டோடைதானே அங்கை எடுபட்டவ? என்ன மார்க்கோடை போனவ? உள்ளதைச் சொல்லுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். என்ரை மகளின்ரை லிஸ்டிலை அந்த இடத்தைத்தான் முதலாவதாப் போட்டு வைச்சிருக்கிறன்."

அக்கா எழும்பி ஒரு துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தார். அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அதை எடும் லிஸ்டிலை இருந்து" என்றார்.

"ஏன் அக்கா?"

"அவ அங்கை மெடிசின் படிக்கேல்லை."

எனக்கு விளங்கவில்லை. அந்தக் கல்லூரியின் பேர் பொறித்த கோட் அணிந்து அந்தப் பிள்ளை நின்ற படத்தை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அக்கா முகத்தை என் பக்கம் திருப்பாமலே சொன்னார். அந்தக் கல்லூரியே நடத்துகிற ஒரு வருட முதுகலைப் படிப்பாம் அது. மருத்துவத்துக்கு எடுபடாத பிள்ளைகள் அதைப் படித்து, நல்ல மார்க் எடுத்தால், பிறகு நேர்முகத்துக்குக் கூப்பிடக்கூடும். கூப்பிடாமலும் விடலாம். கட்டடமும் அதுதான், வாசலில் இருக்கிற பேரும் அதுதான்.

"அவ படத்தைப் போட்டவ. சனம் தானாவே மெடிசின் எண்டு கதைச்சுது. நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை." துணியை மடித்து வைத்தார். "பிறகு எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது? மண்டபம் முழுக்க வந்து கை குடுத்துப் போட்டுதுகள்."

பாவம் என்று நினைப்பதற்கு முதல் எனக்குக் கோபம்தான் வந்தது. அதை ஒளிக்க விருப்பமில்லை. "அக்கா, என்ன விளையாட்டு இது? நான் என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையை உங்கட கதையிலை கட்டி வைச்சிருக்கிறன்! இதுக்காக ஒரு நல்ல இடத்தை வெட்டியும் போட்டன். மூண்டு தரம் போன் எடுத்தனான், மூண்டு தரமும் அடுப்பெண்டீங்கள்!"

அக்கா என்னை நேராகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் அடங்கவில்லை.

"நீர் என்னை ஏசலாம். ஏசும். ஆனால் நானும் உம்மடை கதையை நம்பித்தானே இருக்கிறன்? உம்மடை மகளுக்கு இடம் தந்த கல்லூரி எண்டுதான் என்ரை மகளும் இந்த முறை ஒரு இடத்தைத் தன்ரை லிஸ்டிலை போட்டிருக்கிறா. நோர்வேப் பிள்ளைக்குத் தந்தவங்கள், எனக்கும் தருவாங்கள் எண்டு சொல்லி, வேறை ஒரு இடத்தை வெட்டிப்போட்டு இதை எழுதினவ. திங்கக்கிழமை அனுப்பப் போறா."

எந்தக் கல்லூரி என்று கேட்டேன். அக்கா பேரைச் சொன்னார். சொன்னதும் எல்லாம் ஞாபகம் வந்தது.

இதை நான் மேலே எழுதாமல் விட்டது மறைப்பதற்காக இல்லை. உண்மையாகவே எனக்கு மறந்து போயிருந்தது. அவ்வளவு சின்னப் பொய் என்று நினைத்திருந்தேன். அதற்கு முந்தின வருடம் ஒரு பிறந்தநாள் மண்டபத்தில், கையில் வடைத் தட்டோடு நிற்கும்போது, அக்காவின் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று பக்கத்தில் நின்றவர்கள் கொண்டாடினார்கள். யாரோ என் பக்கம் திரும்பி, "அப்ப உம்மடை மகள்?" என்றார்கள். ஒரு வருட ஓய்வு என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "எங்களுக்கும் ரெண்டு இடம் வந்தது. நாங்கள்தான் ஒரு வருசம் பொறுப்பம் எண்டு விட்டனாங்கள்" என்றேன். எங்கே என்று அக்கா கேட்டார். ஒரு கல்லூரியின் பேரைச் சொன்னேன். அந்தக் கிழமைதான் அந்தக் கல்லூரியிலிருந்து மறுப்பு வந்திருந்தது. அதனால் அதன் பேர் நாக்கு நுனியில் இருந்தது.

தேத்தண்ணி ஆடை கட்டி விட்டது. அக்கா என் பதிலுக்காகக் காத்திருந்தார். பூசி மெழுகுவதற்கு ஒரு வழி இருக்கிறதா என்று என் மனம் தேடியது. அந்த நேரத்திலும் தேடியது. பிறகு திங்கட்கிழமை என்று அவர் சொன்னது காதில் திரும்பவும் விழுந்தது.

"அக்கா, எங்களுக்கு ஒரு இடமும் கிடைக்கேல்லை. அங்கையிருந்து வந்தது மறுப்பு. நான் அண்டைக்குப் பொய் சொன்னனான்."

அவர் திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். போனை எடுத்து மகளின் எண்ணை அழுத்தினார். அமெரிக்காவில் அப்போது காலை. இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். "இந்தாரும். நீரே சொல்லும்."

"சொல்லுங்கோ அன்ரி" என்றது அந்தப் பிள்ளை. பள்ளிக்கூட வாசலில் இரட்டைப் பின்னலோடு ஓடித் திரிந்த பிள்ளை. நான் சொன்னேன். அவள் அம்மா சொன்னதையும் நான் கேட்டுவிட்டேன் என்று சொன்னேன், என் பொய்யையும் சொன்னேன். ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன்.

"அவ்ஸ்லாக் வந்தது இன்டர்வியூவுக்கு முதலோ பிறகோ?" என்று கேட்டாள்.

"முதல், பிள்ளை. கூப்பிடவே இல்லை."

"அவவின்ரை மார்க் என்ன அன்ரி? பட்டத்தின்ரை ஸ்னித்தும் வேணும், சோதினை மார்க்கும் வேணும்." ஸ்னித் என்றால் சராசரி. குரலில் கோபம் இல்லை. "எனக்கு ஒருத்தரும் கிடைக்காத மார்க்கைச் சொல்லுறேல்லை. எல்லாரும் கிடைச்சதைத்தான் சொல்லுகினம். எங்கை நிக்கிறன் எண்டே எனக்குத் தெரியேல்லை."

இரண்டு எண்ணும் எனக்கு மனப்பாடம். என் பிறந்த தேதியைவிடத் திறமாகத் தெரியும். ஆனால் அவை என் எண்கள் இல்லை. "ஒரு நிமிசம் நில் பிள்ளை" என்று சொல்லி, அந்தப் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு, என் போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் உடனே எடுத்தாள். "லிஸ்ட் முடிஞ்சுதோ?"

முடியவில்லை என்றேன். முதலாவது கல்லூரியை எடுக்க வேண்டும், வெட்டினதைத் திரும்பப் போட வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன், அக்காவின் கதையைச் சொன்னால் என் கதையையும் சொல்ல வேண்டி வந்தது. மண்டபம், வடைத் தட்டு, நான் சொன்ன பேர், இங்கே ஒரு பிள்ளை அதை நம்பித் திங்கட்கிழமை அனுப்ப இருப்பது, அவள் உன் மார்க்கைக் கேட்கிறாள் என்பது. குழறிக் குழறி எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஒரு வருசம் ஓய்வு எண்டுதானே சொல்லுறதெண்டு கதைச்சனாங்கள்" என்றாள்.

"ஓம்."

"நீங்கள் எனக்குக் கிடைச்சதெண்டே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"ஏன் அம்மா? என்னை நினைக்க உங்களுக்கு வெக்கமா இருந்ததோ?"

கண்ணூறு, சனத்தின் வாய், அன்றைக்கு எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது என்று சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. இருபத்து மூன்று வயதில் பின்னேரம் முழுக்கக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அதில் எதைச் சொல்வது? பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓம் பிள்ளை. வெக்கமா இருந்தது."

அவள் போனை வைக்கவில்லை. நான் அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா போனைக் காதில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவவுக்கு என்ரை மார்க்கைச் சொல்லுங்கோ" என்றாள் மகள் கடைசியில். "கூட்டிச் சொல்லாதேங்கோ."